பெரம்பூர் டீச்சர் பதில்கள்

சென்ற இதழில், பேரனோடு சேர்ந்து நானும் வீடியோ கேம் விளையாடுகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் மகனுக்கு 13 வயது. பள்ளி விட்டு வந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் 'அஞ்சு நிமிஷம்மா' என்பான், அரை மணி நேரம் ஆகிவிடும். போன வாரம் கோபத்தில் போனைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. ஆசிரியராக இருந்த நீங்களே இதை ஆதரிக்கலாமா?
*வாசகி, கொளத்தூர்*

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. 31 வருடம் மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். ராத்திரி முழுக்க விளையாடிவிட்டு முதல் பீரியடில் மேஜையில் தலை சாய்க்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் என்ன விளையாடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

பப்ஜி என்று நாம் சொல்லிப் பழகிய ஆட்டம் 2020-ல் தடை செய்யப்பட்டது. அடுத்த வருடம் பி.ஜி.எம்.ஐ. என்று வேறு பெயரில் வந்தது. அதில் நூறு பேர் வரை ஒரே சமயத்தில் இறங்குகிறார்கள். கடைசி வரை தாக்குப்பிடித்தால் ஒரு ஆட்டம் கிட்டத்தட்ட அரை மணி நேரம். நடுவில் நிறுத்திவைக்க வழியே கிடையாது. நாலு பேர் ஒரு அணியாக ஆடும்போது ஒருவன் போனைக் கீழே வைத்தால் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். தெரு கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஆடிக்கொண்டிருக்கும் பையனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? அதே அவமானம்தான் இது. 'அஞ்சு நிமிஷம்' என்று அவன் சொல்வது பொய் இல்லை. எப்போது முடியும் என்று அவனுக்கே தெரியாது.

அதனால் ஆட்டத்தின் நடுவில் கூப்பிடாதீர்கள். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னால் போய், 'அடுத்த மேட்ச் போடாதே, தோசைக்கல் காயுது' என்று சொல்லிப் பாருங்கள். என் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுச் சண்டை பாதியாகக் குறைந்தது.

பேரனுக்குப் பத்து வயது. அவன் ஆடுவது மைன்கிராஃப்ட். எல்லாமே கட்டை கட்டையாக, கனசதுரமாக இருக்கும். மரத்தை வெட்டலாம், மலையைக் குடையலாம், வீடு கட்டலாம். அந்த உலகத்தில் ஒரு முழு நாள் நமக்கு இருபது நிமிடம். பொழுது சாய்ந்தால் பேய் பிசாசு வரும், அதற்குள் சுவர் எழுப்பி விளக்கு வைத்தாக வேண்டும். முதல் நாள் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். 'பாட்டி, ஒரு ஸ்டாக்ல 64 கட்டைதான் அடுக்க முடியும்' என்றான். 64 என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. பரணில் கிடந்த அவனுடைய பழைய மரக்கட்டைப் பெட்டியை இறக்கினேன். வரிசைக்கு நாலு, நாலு வரிசை, அதன் மேல் நாலு அடுக்கு. தரையில் அடுக்கி முடித்ததும் குனிந்து நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். 'எந்தப் பக்கம் பார்த்தாலும் பதினாறுதான் தெரியுது பாட்டி' என்றான். கன அளவைப் பற்றி நான் பத்து வருடம் கரும்பலகையில் எழுதியும் ஒரு பிள்ளையும் இப்படிச் சொன்னதில்லை.

இதனால் கேம் எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடப்பில் இருக்கும் பதிப்பில், கேம் அடிமைத்தனமும் இடம்பெற்றிருக்கிறது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியம் ஆகிவிடுவது, கெடுதல் கண்முன் தெரிந்தும் தொடர்வது. பொதுவாக ஒரு வருடமாவது இப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். லீவு நாளில் மூன்று மணி நேரம் ஆடியதற்காக அவனை நோயாளி ஆக்கிவிடாதீர்கள். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் உங்கள் பிள்ளை சரியாக இருக்கிறான். இரண்டு குறைந்தால் டாக்டரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

என் அண்ணன் ஆன்லைன் ரம்மியில் நகை வரைக்கும் இழந்துவிட்டார். இப்போது தடை வந்துவிட்டது, ஆனாலும் ஏதேதோ ஆப்பில் ஆடுகிறார். என்ன செய்வது?
*வாசகர், அம்பத்தூர்*

முதலில், இதையும் மேலே சொன்ன கேமையும் ஒன்றாக்காதீர்கள். அது விளையாட்டு, இது சூதாட்டம். தமிழ்நாட்டில் 2023-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அத்தனையையும் தடை செய்து சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் ஒரு ஆப் பணம் வாங்குகிறது என்றால் அது திருட்டுத்தனமாக நடக்கிறது. ஜெயித்தால்கூடப் பணம் கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதை அண்ணனுக்கு அமைதியாகச் சொல்லுங்கள்.

அவர் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். கல்நெஞ்சோடு சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியை தம்பியின் கடனை மூன்று தடவை அடைத்தார். நாலாவது கடன் முதல் மூன்றையும் சேர்த்ததை விடப் பெரிதாக இருந்தது. அதற்குப் பதிலாக அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து 14416-க்குப் போன் போடுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசு எண் அது. இலவசம், தமிழில் பேசலாம். ஏதாவது ஆப் ஏமாற்றிப் பணத்தை எடுத்திருந்தால் உடனே 1930, சைபர் குற்றப் புகாருக்கான எண். அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

மே மாதம் இட்லி மாவு புளித்து வழிகிறது. மார்கழியில் கல்லு மாதிரி கிடக்கிறது. அளவு மாற்ற வேண்டுமா?
*வாசகி, மடிப்பாக்கம்*

அளவை மாற்றாதீர்கள். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து இதுதான். மாற வேண்டியது தண்ணீரும் நேரமும் உப்பும்.

மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும்தான் இருக்கின்றன. ஆகவே உளுந்தை முதலில் இரண்டு தடவை கழுவி ஊறவையுங்கள், போதும். ஊறிய பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதையே தெளித்து அரையுங்கள். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்து ஜில்லென்று தெளியுங்கள், கிரைண்டர் சூட்டில் மாவு அப்போதே புளிக்கத் தொடங்காமல் இருக்கும். உளுந்து அரைபட்டதா என்று பார்க்க, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். அரிசியை மட்டும் மையாக அரைக்க வேண்டாம், விரலில் தேய்த்தால் நெருநெரு என்று இருக்க வேண்டும்.

உப்பு புளிப்பைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். அதனால் மே மாதம் கரைக்கும்போதே உப்பு, மார்கழியில் பொங்கிய பிறகு உப்பு. கோடையில் ஆறு மணி நேரத்தில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மார்கழியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நான் பாத்திரத்தை ஒரு பழைய போர்வையில் சுற்றி அரிசி டின்னுக்குள் இறக்கி மூடிவிடுவேன். காலையில் மூடியைத் திறந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், அதற்காகவே ஐந்தரைக்கு எழுந்துகொள்வேன்.

வீடு காலி செய்து மூன்று மாதம் ஆகிறது. அட்வான்ஸ் பத்து மாத வாடகை கொடுத்திருந்தேன். ஓனர் திருப்பித் தர மறுக்கிறார்.
*வாசகர், மேற்கு மாம்பலம்*

தமிழ்நாட்டில் வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். முதலில் தேதி போட்டு, தொகையைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் மனு. அடுத்த வீட்டுக்குப் போகும்போது முதல் நாளே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அரசியல் பேசியே மாமாவும் சித்தப்பாவும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டார்கள். 'இனி யாரும் அரசியல் பேசக் கூடாது' என்று அப்பா அறிவித்துவிட்டார். அதுதானே நல்லது?
*வாசகி, குரோம்பேட்டை*

இல்லை. அப்பாவின் வருத்தம் நியாயம், ஆனால் அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். அரசியல் பேசாத வீட்டில் பிள்ளைகள் அரசியலை யாரிடமிருந்தோ கற்றுக்கொள்வார்கள். தலைவர்களைப் பற்றிப் பேசினால் சண்டை வரும், ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பேசினால் அவ்வளவு வராது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

காலை அசெம்பிளியில் மயங்கி விழும் பிள்ளைகளை எங்கள் பள்ளியில் எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறேன். ஒருத்தி, ஆறாம் வகுப்பு, கையில் பிளாஸ்டிக் வளையல். முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு 'என்னடா சாப்பிட்ட?' என்று கேட்டேன். 'டீ' என்றாள். அம்மா விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவாளாம். அன்றிலிருந்து என் பையில் பிஸ்கட் பாக்கெட் இல்லாமல் நான் பள்ளிக்குப் போனதில்லை. நான் ஓய்வு பெற்றது 2022 மே மாதம். அதே வருடம் செப்டம்பர் 15-ல் முதல்வரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. டிவியில் பார்த்துக்கொண்டே அழுதேன். அடுத்த வருடம் ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது.

இதைச் சொன்னால் உடனே 'ஓ, நீங்க அந்தக் கட்சியா?' என்பார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டது. நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சித் தலைவர். ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கணக்கு. 1956-ல் காமராஜர் மதிய உணவு கொடுத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். 1989-ல் கலைஞர் முட்டை சேர்த்தார். மாமாவுக்கு ஒருவரைப் பிடிக்கும், சித்தப்பாவுக்கு இன்னொருவரைப் பிடிக்கும். அவர்கள் இரண்டு பேரும் போற்றும் தலைவர்கள் அந்தத் தட்டில் ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். குரூப்பில் ஒரு கேள்வி போடுங்கள்: 'நீங்க ஸ்கூல்ல படிக்கும்போது மதியம் என்ன சாப்பிட்டீங்க?' மாமா முதலில் எழுதுவார், சித்தப்பா திருத்துவார். பேச்சுவார்த்தை தொடங்கிவிடும்.

எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல் சரி. கவுன்சிலர் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?
*வாசகர், அண்ணா நகர்*

அப்படி நினைத்துத்தான் 2022-ல் சென்னையில் பாதிப் பேருக்கு மேல் போகவில்லை. 43 சதவீதத்தை ஒட்டித்தான் வாக்குப்பதிவு. எனக்கு மனசு ஆறவே இல்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் இந்த ஊரில் கவுன்சிலரே கிடையாது. 1688-ல் தொடங்கிய மாநகராட்சி இது. மன்றக் கூடம் காலியாகக் கிடந்தது.

அந்த வருடங்களில் எங்கள் தெரு முனையில் மழைநீர் வடிகால் மூடி உடைந்து கிடந்தது. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாகச் செருகி, காலில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தோம். இரண்டு மழைக்காலம் அந்தத் துணி வெளுத்து ரோஸ் ஆகிப் போனது. எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு ராத்திரி ஸ்கூட்டரோடு விழுந்து முழங்கை முறிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. 2022 தேர்தல் முடிந்ததும் தெருவிலிருந்து பதினோரு பேர் சேர்ந்து கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றோம். நான் போட்டோ, தேதி, பெரியவரின் எக்ஸ்ரே நகல் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுபோனேன். மூன்று வாரத்தில் புது மூடி வந்தது. எம்.எல்.ஏ. வீட்டுக்கு அந்த நாற்காலியைப் பற்றிப் பேச நாங்கள் போயிருக்க மாட்டோம்.

200 வார்டு இருக்கிறது. உங்கள் வார்டு எண் என்ன என்று இப்போது யாரையும் கேட்காமல் சொல்ல முடியுமா? வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் எப்போது, எங்கே என்று கேட்டு ஒரு தடவை போய் உட்காருங்கள். தெருவிளக்கோ குப்பையோ என்றால் 1913-க்குப் போன் செய்து புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் யாரிடம் போனாலும் பேச்சு நிற்காது.

சென்னையில் உங்களுக்குப் பிடித்த பயணம்?
*வாசகி, திருவொற்றியூர்*

29சி. பெரம்பூரில் ஏறினால் பெசன்ட் நகர் கடல். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்றதும் மாதம் ஒரு தடவை என் தோழிகள் மூன்று பேரோடு போகிறேன். வீட்டுக்காரரிடம் பஸ் காசு கேட்க வேண்டாம் என்பதே அதில் ஒருத்திக்கு 58 வயதில் கிடைத்த பெரிய விஷயம்.

பெரம்பூருக்கென்று தனியாகச் சமையல் உண்டா?
*வாசகர், கோவை*

உண்டு. ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலையால் இங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளில் மஞ்சள் தேங்காய்ப்பால் சாதம், அதற்குக் கொத்துக்கறி உருண்டை போட்ட 'பால் கறி'. இந்தப் 'பால்' பசும்பால் இல்லை, பந்து. கூடவே சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், வினிகர், துளி சர்க்கரை வைத்து அரைத்த சிவப்புச் சட்னி. என்னோடு வேலை பார்த்த இங்கிலீஷ் டீச்சர் கற்றுக்கொடுத்தார். நான் உருண்டை பிடிக்கும்போது கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டேன், அவர் தண்ணீர் தொடச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி, உருண்டை விரியவில்லை.

தென்காசியிலிருந்து வந்து வேளச்சேரியில் எட்டு மாதமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. சென்னை மனிதர்களுக்கு ஈரமே இல்லையா?
*வாசகர், வேளச்சேரி*

இருக்கிறது தம்பி, கதவைத் தட்டினால்தான் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு நாலு பேரும் அவர்கள் பூனையும் இரண்டாம் மாடியில் என் ஹாலில் மூன்று நாள் இருந்தார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. இருந்த அரிசியைச் சேர்த்துப் போட்டுக் கஞ்சி வைத்தோம். அந்த வீட்டம்மா இன்றைக்கும் பண்டிகை நாளில் எனக்குச் சாப்பாடு அனுப்பாமல் அவர் சாப்பிடுவதில்லை.

வெள்ளம் வரும் வரை நீங்கள் காத்திருக்காதீர்கள். ஊருக்குப் போய்விட்டு வரும்போது கொஞ்சம் நெல்லை அல்வா கூடுதலாக வாங்கி, பக்கத்து வீட்டில் கொடுங்கள். டப்பாவில் போட்டுக் கொடுங்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வருவார்கள்.

டீச்சர், நானும் மைன்கிராஃப்ட் ஆடுவேன். நீங்க என்ன கட்டினீங்க? நான் ஏழாவது படிக்கிறேன்.
*வாசகர், வியாசர்பாடி*

கண்ணா, நான் வேலை பார்த்த பள்ளியின் முதல் வகுப்பறையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே நீளம் 12 கட்டை, அகலம் 8 கட்டை, சுவர் ஒரு கட்டை தடிமன், உயரம் 4 கட்டை. கூரையைப் பேரன் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். வாசலுக்கு இரண்டு கட்டை எடுத்துவிட்டேன். ஜன்னல் ஆறு, ஒவ்வொன்றும் ஒரு கட்டை. சுவருக்கு மொத்தம் எத்தனை கட்டை வேண்டும், அது எத்தனை ஸ்டாக், மீதி எத்தனை? கணக்குப் போட்டு அனுப்பு. நாலு மூலையையும் இரண்டு தடவை எண்ணிவிடாதே, நான் முதல் தடவை அங்கேதான் தப்பு செய்தேன்.